சோப்பு போட்டுட்டு போன கால்

போன வருஷம் பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்) பூசைல, இயேசு தன் சீடர்கள் காலை கழுவினதோட நினைவா ஃபாதர் பாதம் கழுவி விடுற 12 பேர்ல நானும் ஒருத்தன். கூத்து என்னன்னா வீட்லயே சோப்பு போட்டு, பழைய பிரஷ்ஷால நகத்தை எல்லாம் தேய்ச்சு பளிச்சுனு ஆக்கிட்டுத்தான் போனேன். ஃபாதர் முட்டி வலியோட என் முன்னாடி தரையில மண்டி போட்டப்போ காலை உள்ள இழுத்துக்கலாம் போல ஆயிடுச்சு, அன்னிக்கு சீடர் பேதுரு ஏன் முதல்ல வேணாம்னாருன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அந்தக் காலத்துல அது புழுதியில நடந்து வந்த கால், கழுவுறது அடிமை வேலை. பைபிள்ல யோவான் 13ம் அதிகாரத்தை நிதானமா படிச்சா, காட்டிக் குடுக்கப் போற யூதாஸ் இன்னும் எழுந்து போகல, இயேசு அவன் காலையும் சேர்த்துத்தான் கழுவியிருக்கார், எனக்கு அங்கதான் தொண்டைல சிக்குது.

2013ல போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த ரெண்டே வாரத்துல ரோம்ல ஒரு சிறுவர் சிறைக்கு போய் 12 பேர் காலை கழுவி முத்தம் குடுத்தார், அதுல ரெண்டு பொண்ணுங்க, முஸ்லிம் பிள்ளைங்களும் உண்டு. இந்தச் சடங்குல பொண்ணுங்களையும் சேர்க்கலாம்னு திருச்சபை சட்டமே 2016லதான் மாறுச்சு!

பூசை முடிஞ்சதும் அழுக்குத் தண்ணி, ஈரத் துண்டு எல்லாத்தையும் அள்ளிட்டு போனது கோயில் வேலையெல்லாம் பார்த்துக்குற எங்க கோயில்பிள்ளை. அந்த 12 பேர் லிஸ்ட்ல அவர் பேர் இதுவரைக்கும் வந்ததே இல்லையாம்.