ஏழு நாளும் ரெட்டைக் கொம்பும்

ஜனவரி 11, 2026, ஞாயிறு

பினாங்கு ரோடு சவேரியார் கோவிலில் காலைப் பூசை முடிந்து படி இறங்கும்போது அம்மா சொன்னார்: "கதவைச் சாத்திட்டாங்களாமே."

எனக்கு முதலில் புரியவில்லை. ரோமில் பேதுரு பேராலயத்தில் ஜூபிலி ஆண்டுக்கு மட்டும் திறக்கும் புனிதக் கதவைச் சொல்கிறார். ஜூபிலி ஆண்டு முடிந்து, இந்த 6-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். போன வருடம் முழுக்க நானும் தம்பியும் "போகலாம்மா, போகலாம்மா" என்று சொல்லியே பன்னிரண்டு மாதத்தையும் கழித்துவிட்டோம். அம்மாவுக்கு 78 வயது. குற்றவுணர்ச்சியோடு காடிக் கதவைத் திறந்துவிட்டேன். "அது போனா போகட்டும். பக்கத்து வாசல் திறந்துதானே இருக்கும்?" என்றபடி ஏறி உட்கார்ந்தார்.

இரவே கோலாலம்பூருக்கு அழைத்துத் தம்பியிடம் பேசினேன். மே மாதம், ஒரு வாரம். அம்மா, நான், தம்பி, தம்பி மனைவி. என் வீட்டுக்காரர் பூனையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் பூனைமேல் இவ்வளவு பாசமா என்று இருந்தது.

ஜனவரி 14, புதன்

தம்பி வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பியிருக்கிறான். ரோம், அசிசி, பதுவை, வெனிஸ், புளோரன்ஸ், சியன்னா, மிலான், டூரின், லொரேத்தோ, லான்சியானோ, பாத்ரே பியோவின் சான் ஜொவான்னி ரொத்தோந்தோ. பதினொரு ஊர், ஏழு நாள். டூரின் வடமேற்கு மூலை, பாத்ரே பியோ தென்கிழக்கே, குதிகாலுக்கு மேலே. இத்தாலி என்ன நம் தீவுக்குள்ளேயே இருக்கும் பாலிக் புலாவா, காலையில் போய்ச் சாயந்திரம் திரும்ப?

ஆற்றைக் கடந்த பரமார்த்த குருவின் சீடர்கள் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணினார்கள் இல்லையா, அப்படி இவன் ரயிலில் போகிற நேரத்தை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான். அம்மாவின் முட்டியையும் எண்ணவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

அந்தக் கதை நினைவுக்கு வந்ததிலிருந்து வேறொரு எண்ணம் பிடித்துக்கொண்டது. கதையை எழுதியவர் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். ஊர், காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் இந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைக் கூட்டாகச் சொல்ல வைத்திருக்கிறேன். ஆனால் அது தரையில் இருக்கிற ஊர், ரயில் பிடித்துப் போகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தேர்வுக்கு வரும் ஊர், அவ்வளவுதான்.

இன்று வரைபடத்தில் தேடினேன். பதுவையிலிருந்து மிலான் போகும் பாதையில், வெரோனாவைத் தாண்டியதும் கார்தா ஏரிக்கரையில் தெசென்ஸானோ என்று ஒரு நிலையம். அங்கே இறங்கித் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது, டாக்சியும் உண்டு. பதுவையில் தங்கினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

முப்பது வயதில் 1710-இல் கப்பலில் இந்தியா வந்து, தமிழ் படித்து, காவியுடை உடுத்தி, சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3615 பாட்டில் தேம்பாவணி பாடியவர். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு சின்னக் கொம்பு. அவருக்கு முன்னால் ஓலையில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைப்பார்கள், நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும், குத்தாமல் விட்டால் குறிலா நெடிலா என்று வாசிக்கிறவன்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்கு ரெட்டைக் கொம்பு போட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் இவர். 'ரோம்' என்று எழுதுகிறேன், அதில் அவர் கொம்பு. 'பேதுரு' என்றால் அதிலும். இந்தக் குறிப்பில் எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

தம்பியிடம் சொன்னேன். "ஒரு நாள் முழுக்க ஒரு வாத்தியாருக்காகவா? வேற வேலையில்ல உனக்கு?" என்று போனை வைத்துவிட்டான். வாத்தியாருக்காக இன்னொரு வாத்தியார் போகிறேன், இவனுக்கென்ன?

ஜனவரி 22, வியாழன்

அம்மாவின் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, புதுப்பிக்கப் போனோம். மலேசியர்களான நமக்கு ஐரோப்பா போக விசா வேண்டாம், ஆறு மாதத்தில் 90 நாள்வரை இருக்கலாம். ஆனால் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு கடப்பிதழ் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். அம்மாவுடையது காலாவதியாகி இரண்டு வருடமாகிறது. அறுபது தாண்டியவர்களுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), மற்றவர்களுக்கு 200.

பணம் பிரச்சினையில்லை. விரல்தான் பிரச்சினை. கெடா ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் மரம் வெட்டிய கை. இயந்திரம் கட்டைவிரலை வாங்கவே இல்லை. துடைத்து வைத்தார், ஈரமாக்கி வைத்தார், அழுத்தி வைத்தார். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எழுந்து இந்தப் பக்கம் வந்து, அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, "மக்சிக், செக்காலி லாகி" (ஆன்ட்டி, இன்னொரு தடவை) என்றாள். ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ, பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்ததும் இன்னொரு செய்தியையும் சொல்லிவிட்டேன். போன அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையிலும் கைரேகை, முகப்படம் எடுக்கிறார்கள். "அங்கேயுமா?" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தினமும் தேங்காய் எண்ணெய் தடவப் போகிறாராம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தம்பியும் மனைவியும் நேற்றே வந்துவிட்டார்கள். அம்மா வருடந்தோறும் பக்கத்து வீட்டு அக்காவோடு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுப்பார். ஜெபமாலை கழுத்தில்தான் கிடக்கும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இன்றும் போய்விட்டு மத்தியானம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் மேசையில் சண்டை.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம்: போகும்போது வெனிஸ் விமான நிலையத்தில் இறங்குவது, திரும்பும்போது ரோமில் ஏறுவது. போன வழியே திரும்பி வராமல் ஒரு நாள் மிச்சம். அந்த ஒரு நாளை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் சண்டை. தம்பிக்கு ரோம். தம்பி மனைவிக்கு வெனிஸ். எனக்குக் காஸ்தில்யோனே.

தம்பி மனைவி மருத்துவமனைத் தாதி. அதை நம்பி ஒரு வலை வீசினேன். 1859 ஜூனில் சோல்ஃபெரினோ போர் நடந்தபோது காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் இந்தக் காஸ்தில்யோனேவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் கட்டுப்போட்டார்கள். அதைக் கண்டு, கூடவே வேலை செய்த ஹென்றி துனான் மனத்தில் விழுந்ததுதான் பிறகு செஞ்சிலுவைச் சங்கமானது. அந்த ஊரில் அதற்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. எல்லாம் சொல்லி முடித்தேன்.

"அக்கா, வருஷம் முழுக்க வார்டுல கட்டுத்தான் பிரிக்கிறேன். லீவு போட்டும் அதையே பாக்கச் சொல்றீங்களா?" என்றார். நியாயம்தான்.

அப்புறம்தான் கையில் வைத்திருந்த துருப்பை இறக்கினேன். "ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான்."

அம்மா காலை மடக்கினார். "அப்பா பேருக்காரரா?"

ஆமாம். அப்பாவுக்கு வைத்த பெயர் அந்தப் புனிதருடையது. வெளிநாட்டில் அலோசியஸ் கொன்சாகா என்பார்கள். காஸ்தில்யோனே பிரபுவின் மூத்த மகன். பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். ரோமில் கொள்ளைநோய்க்காரர்களைத் தூக்கிச் சுமந்து பார்த்துக்கொண்டதில் நோய் ஒட்டி, 1591-இல் இறந்தபோது வயது 23. உடல் ரோமில், தலை மட்டும் பிறந்த ஊர்ப் பேராலயத்தில்.

"அங்க போவோம்" என்றார் அம்மா. தம்பி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

வென்றுவிட்டேன், ஆனால் நன்றாகத் தூக்கம் வரவில்லை. ஞானப்பிரகாசியார் விஷயம் 18-ஆம் தேதியே எனக்குத் தெரியும். அன்றே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். தேவைப்படும்போது எடுக்கலாம் என்று மடித்து வைத்துக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் "உன் புலவருக்கு என்னைத் தூது அனுப்புறியா?" என்று கேட்டிருப்பார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நவநாள். செவ்வாய் என்றால் அம்மாவுக்குப் பதுவை அந்தோணியார்தான், வீட்டில் சாவி தொலைந்தாலும் அவர்தான். அவர் பிறந்தது பதுவையில் இல்லை, லிஸ்பனில் என்று இன்று சொன்னேன். "அதனாலென்ன, நான் தோட்டத்துல பொறந்தேன், என்னைப் பினாங்குக்காரின்னுதான சொல்றாங்க" என்றார். 1231 ஜூன் 13-இல் இறந்தவரை ஒரு வருடம் முடிவதற்குள் புனிதராக்கிவிட்டார்கள். கல்லறையைத் திறந்தபோது அழியாமல் இருந்த நாக்கை இன்றும் பதுவைப் பேராலயத்தில் வைத்திருக்கிறார்கள். கல்லறையின் பின்பக்கப் பளிங்கில் கை வைத்து வேண்டிக்கொள்ளலாம். வேண்டுதல் எழுதிய தாள், படம் எல்லாம் விட்டுவிட்டு வருவார்கள்.

பதுவையில் மூன்று இரவு. தரை சமம், வெயிலோ மழையோ தூண் நடைபாதைக்குள்ளேயே நடக்கலாம். நம்ம ஊர்க் கடைவரிசை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை மாதிரி. எனக்காக ஒரு கால் மணி நேரம் கேட்டிருக்கிறேன்: ஜொத்தோ சுவரோவியம் வரைந்த ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம். முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள். முதலில் ஓர் அறையில் 15 நிமிடம் உட்கார வைத்து, நம்மோடு வந்த ஈரமும் தூசியும் அடங்கிய பிறகு 15 நிமிடம் உள்ளே.

வெனிஸ், வெள்ளிக்கிழமை சாயந்திரம். பதுவையிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். கூட்டமான சில நாள்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்குகிறார்கள், கடைசி நேரத்தில் கட்டினால் 10. நாலு மணிக்குமேல் போனால் ஒன்றுமில்லை. கண்டுபிடித்தது தம்பி மனைவி.

பிப்ரவரி 18, புதன்

திருநீற்றுப் புதன். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளும்கூட. எதிர்வீட்டு ஆன்ட்டி நேற்று இரவு ஒரு பெட்டி பக்வா, சுட்ட பன்றி இறைச்சி, கொடுத்தார். இன்று நோன்பு, இறைச்சி கிடையாது. குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வாசனை. சோதனை என்றால் இதுதான்.

நெற்றிச் சாம்பலோடு ரோம் சண்டையை முடித்தோம். இரண்டே இரவு. புதன் காலை, மே 13, பாப்பரசரின் பொதுச் சந்திப்பு. சீட்டு இலவசம், முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். அம்மாவுக்கு அதோடு மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் கல்லறை. தம்பிக்கு செவ்வாய் மத்தியானம் வத்திக்கான் அருங்காட்சியகம். கொலோசியத்தை வெளியே நின்று பார்த்தால் போதாதா என்று கேட்டுவிட்டேன். அவன் ஐந்து நிமிடம் பேசவில்லை.

எனக்கு இயேசு சபையினரின் ஜெசு கோவில். சவேரியாரின் வலக்கை அங்கேதான் இருக்கிறது. 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தவரை முதலில் கொண்டுவந்து வைத்தது நம் மலாக்காவில், பிறகு கோவாவில். 1614-இல் கையை மட்டும் ரோமுக்கு எடுத்துப்போனார்கள். பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா குன்றின்மேல் அந்த வெறுங்குழியை எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். வெளியே நிற்கும் சிலைக்கும் வலக்கை இல்லை, மரம் விழுந்து ஒடிந்தது. முத்துக்குளித்துறையில் நம் ஆள்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது. ஜெசுவிலிருந்து கொஞ்சம் நடந்தால் இஞ்ஞாசியார் கோவில், அங்கே ஞானப்பிரகாசியார் உடல். ஒரே சாயந்திரத்தில் முடியும்.

அசிசிக்கு இரண்டு இரவு. பிரான்சிஸ் அசிசியார் இறந்து இந்த வருடம் 800 ஆண்டு. வருகிற ஞாயிறு தொடங்கி ஒரு மாதம் அவர் எலும்புகளை வெளியே வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப்போக எனக்குத் தைரியமில்லை. மே போதும். அறையை மேட்டில் எடுக்கவில்லை. கீழே, ரயில் நிலையம் இருக்கும் சாந்தா மரியா தெல்லி ஆஞ்செலியில். அசிசியார் தம் கையால் சீர்ப்படுத்திய சிறு கோவில் அங்கே ஒரு பெரிய பேராலயத்துக்குள், வீட்டுக்குள் குடிசை மாதிரி இருக்கிறது. மேலே பேருந்தில் போய் வரலாம். தம்பி மகனுக்குக் கார்லோ அகுதிஸ் கல்லறைப் படம் வேண்டுமாம். ஜீன்ஸும் காலணியுமாகப் படுத்திருக்கும் புனிதர், போன செப்டம்பரில்தான் பட்டம்.

பிப்ரவரி 21, சனி

டிக்கெட் வாங்கியாயிற்று. ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி. மே 6 இரவு கிளம்பி, 14-ஆம் தேதி ரோமில் விமானம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி பதிந்தாயிற்று. அவருக்கு அதில் கோபம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டுத் தாளோடு வந்தார். அந்தோணியாருக்கு வேண்டுதல், நான் எழுத வேண்டும்.

"தமிழ்லயே எழுது. உன் வீரமாமுனிவரே கத்துக்கிட்டாரு, இவருக்குத் தெரியாதா?"

எழுதினேன். முதலில் அப்பா. பிறகு நாங்கள், பேரப்பிள்ளைகள், தோட்டத்தில் கூட வேலை செய்தவர்கள், செத்தவர்கள் தனி, இருப்பவர்கள் தனி. பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு வேலை. எதிர்வீட்டு ஆன்ட்டிக்குச் சர்க்கரை. தாள் பின்பக்கமும் நிறைந்தது.

"அந்த மலாய்ப் பொண்ணு, கையத் தேய்ச்சுவிட்டுச்சே. அது பேரு என்ன?"

"தெரியாதும்மா."

"கடப்பிதழ் ஆபிசு பொண்ணுன்னு போடு. அவரு கண்டுபிடிச்சுக்குவாரு."