தொகை எழுதாத கட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் அம்மாவின் வங்கிக் கணக்கில் 51,037 ரூபாய் ஏறிவிட்டது. குறுஞ்செய்தியை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பதினாறு மாதம் அலைந்து வாங்கிய பணம் அது. கடனோ உதவித்தொகையோ இல்லை, அவள் ஏற்கெனவே உழைத்த உழைப்புக்கு வரவேண்டிய கூலி.

எங்கள் ஊர் உள்ளாட்சியில் குப்பை அள்ளும் வேலை ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது. ஒரு விசாரணை இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரையும் ஒப்பந்ததாரர் பெயரையும் இங்கே எழுதவில்லை. அம்மாவோடு சேர்த்து 14 பெண்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவு. பிறகு தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போய் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து வாங்க வேண்டும். மாதத்தில் 26 நாள் வேலை.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் நகலெடுக்கக் கொண்டுவந்த தாள்களில், தூய்மைப் பணியாளருக்கு அந்த ஆண்டுக்கு நிர்ணயித்திருந்த நாள் கூலி கண்ணில் பட்டது. அம்மா கையில் வாங்குவதற்கும் அதற்கும் 109 ரூபாய் இடைவெளி. ஏப்ரலில் அகவிலைப்படி கூடியதும் அது 117 ஆனது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படியை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாற்றுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் ஒப்பந்ததாரர் ஏப்ரலைக் கண்டுகொண்டதே இல்லை.

முதல் தவறு எங்களுடையது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம் என்று அம்மா, செல்வி மதினி, நான் மூவரும் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். பஸ் பாலத்தின்மேல் ஏறியதும் அம்மா தாமிரபரணி ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியபோது, 17 பேர் உயிரை விட்ட இடம் அது. அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தக் கரையைத் தாண்டிக் கூலி கேட்கப் போகிறோம் என்ற நினைப்பே எங்கள் மூவரையும் பேசவிடவில்லை.

மனுக் கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் நான் மனுவில் ‘எங்கள் ஊர் உள்ளாட்சியில் வேலை செய்யும் எங்களுக்குக் கூலி குறைவாகத் தருகிறார்கள்’ என்று மொட்டையாக எழுதியிருந்தேன். அது எந்த உள்ளாட்சியைப் பற்றியதோ அந்த அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து, ‘ஒப்பந்ததாரரிடம் விசாரிக்கப்பட்டது, முறையாக ஊதியம் வழங்கி வருகிறார்’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுநாள் மஸ்டரில் மேஸ்திரி அந்த மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு 14 பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் வாசித்தார். நீங்கள் மனுக் கொடுப்பதாக இருந்தால் தொழிலாளர் துறையின் பெயரைப் போட்டு, குறைந்தபட்ச ஊதியம் தராததற்குச் சட்டப்படி நடவடிக்கை வேண்டும் என்று எழுதுங்கள்.

சங்கத் தோழர்தான் பிறகு வழி காட்டினார். ‘அரசியல் சாசனத்தின் 43ஆவது பிரிவு மனிதனாக வாழத் தேவையான ஊதியத்தைப் பற்றிப் பேசுகிறது. நாம் கேட்பது அதுகூட இல்லை, அதற்குக் கீழே கடைசிப் படியில் இருக்கும் குறைந்தபட்சக் கூலி. அதற்கும் குறைத்துக் கொடுத்தால் அது கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது’ என்றார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ‘அப்போ இத்தனை வருஷமும் என்னை அடிமை வேலை வாங்கியிருக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

எங்கள் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. கூலியைக் கையில்தான் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய பதிவேட்டில், தொகைக் கட்டம் காலியாக இருக்கும்போதே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் பிற்பாடு என்ன எழுதினார்கள் என்று பார்க்க வேண்டுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மூன்று விஷயம் கேட்டேன்: ஒப்பந்த நகல், ஒப்பந்ததாரர் கொடுத்த மாதாந்திர பில்கள், அவற்றோடு இணைத்த வருகைப் பதிவும் ஊதியப் பதிவும்.

தபால் பிரிவில் இருந்தவர் மனுவை வாங்கினார், ஒப்புகை தரமாட்டேன் என்றார். முத்திரை வைத்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு, ‘உன் அம்மாவுக்கு நாளைக்கு வேலை வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் என் நெஞ்சில் குத்துகிறது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேராகத் தபால் நிலையத்துக்குப் போய், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாள் முடியும் தறுவாயில், ‘மூன்றாம் நபர் தகவல், தர இயலாது’ என்று பதில். அரசுப் பணத்தில் கொடுக்கும் பில் எப்படி மூன்றாம் நபர் விவகாரம் ஆகும்? இந்தப் பதிலோடு சோர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். பதில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு அதன் பிறகுதான் கொடுத்தார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 212 பக்கம்.

அன்று இரவு கடையை அடைத்த பிறகு நானும் அம்மாவும் தாள்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். எல்லா பில்லிலும் அம்மா பெயருக்கு நேராக 26 நாளோ அதை ஒட்டியோ, முழுக் கூலி, அதற்கு மேல் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கும் முதலாளி பங்கு. உள்ளாட்சி முழுத் தொகையும் கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போட்டோம். மேஸ்திரியிடம் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்த மூன்று பேர் பயந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. மீதி 11 பேர். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். அதற்கு முந்தைய பாக்கிக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. முதல் வாய்தா அதிலேயே வீணாயிற்று. 11 பேரின் ஒருநாள் கூலியும் பஸ் கட்டணமும் போனதுதான் மிச்சம். ‘சம்பளச் சீட்டு தரவில்லை, பில் நகல் கிடைத்த பிறகுதான் குறைவு தெரியவந்தது’ என்று காரணம் எழுதி அடுத்த முறை கொடுத்தோம். இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, இந்தக் கெடு மூன்று ஆண்டாகியிருக்கிறது. அதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம். நாள் ஆக ஆகச் சாட்சி கலைந்துவிடும்.

மனுவில் ஒப்பந்ததாரரோடு உள்ளாட்சியையும் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அப்போது நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஒப்பந்ததாரர் கூலியைக் குறைத்தால் முதன்மை வேலையளிப்பவரே (எங்களுக்கு உள்ளாட்சி) கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது. கூலி பட்டுவாடா நடக்கும்போது அவர்களுடைய ஆள் ஒருவர் உடனிருந்து சான்றளிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. எங்கள் பதிவேட்டிலும் அந்தச் சான்று இருந்தது. ஒரு மாதத்தில் அதன் தேதி நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தன்று விழுந்திருந்தது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அலுவலகம் பூட்டிக் கிடந்த நாள். பூட்டிய அலுவலகத்தில் வைத்து 14 பேருக்குக் கூலி கொடுத்ததாகச் சான்று!

நான்கு வாய்தாவுக்கு ஒப்பந்ததாரர் வரவில்லை. ஐந்தாவது வாய்தாவில் அவருடைய வக்கீல் ஒரு புதுப் பதிவேட்டைத் தாக்கல் செய்தார். அதன்படி அம்மா மாதத்துக்கு 19 நாள்தான் வேலைக்கு வந்திருக்கிறாள். அந்த 19 நாளுக்கும் முழுக் கூலி கொடுத்தாயிற்று, பாக்கி ஏதும் இல்லை. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

அம்மா பையிலிருந்து காலண்டரை எடுத்தாள்.

நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். பால் கணக்குக்காகச் சமையல்கட்டில் மாட்டியது. பால் கணக்கு இடது மூலையில் இருக்கும். வலது மூலையில் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் ஒரு சுழி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஓரம் சுருண்டு, ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை வேறு. அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் எழுதத் தெரியாது. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நாங்கள் வாங்கிய பில் நகலைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தார். மார்ச்சில் 26 நாள், ஏப்ரலில் 25 நாள், மே மாதம் 26 நாள். காலண்டரும் பில்லும் ஒன்றுபோல நின்றன. வக்கீலின் பதிவேடு மட்டும் தனியாக நின்றது. ‘உள்ளாட்சியிடம் 26 நாளுக்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள், இங்கே 19 நாள் என்கிறீர்கள், எது உண்மை?’ என்று அவர் கேட்டபோது வக்கீல் இன்னொரு வாய்தா கேட்டார். கிடைக்கவில்லை.

பதினான்கு மாத பாக்கியை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முந்தியதைத் தள்ளிவிட்டார்கள். அம்மாவுக்கு 150 நாளுக்கு 109 வீதமும் 211 நாளுக்கு 117 வீதமும் சேர்த்து 41,037 ரூபாய், இழப்பீடு 10,000. சட்டம் வித்தியாசத் தொகையைப்போல் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. அதை நினைத்தால் இது கொஞ்சம்தான், எனக்கு மனது ஆறவில்லை. ஒப்பந்ததாரரின் டெபாசிட்டிலிருந்து பிடித்துக் கொடுத்தார்கள். செல்வி மதினிக்கு மட்டும் ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறு முதலெழுத்துமாக இருந்ததால் பணம் திரும்பிப் போய்விட்டது. அதை மனுப் போடும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். கதை இன்னும் முடியவில்லை. ஒப்பந்ததாரர் எங்களிடம் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் கூலியிலிருந்தே பிடித்திருக்கிறார். முதலாளி பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பது சட்டவிரோதம். பிடித்ததையும் பல மாதம் கட்டவில்லை. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் தெரியாமல் அந்த அலுவலகத்துக்குப் போய் ஒரு பயணம் வீண். அந்த 12 இலக்க எண் உங்கள் பெயருக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணக்கோடு இணைத்த கைப்பேசியிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வரும். வராவிட்டால் உங்கள் கைப்பேசிக்குப் பதில் மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்களில் ஆறு பேருக்கு அப்படித்தான் இருந்தது.

இ.எஸ்.ஐ. அட்டையையும் இன்றே கேட்டு வாங்குங்கள். குப்பையில் கிடந்த கண்ணாடி கிழித்துப் பேச்சியம்மாள் சித்திக்கு உள்ளங்கையில் ஏழு தையல் போட்டார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. அது தெரியாமல் தனியார் மருத்துவமனையில் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்.

பி.எஃப். விசாரணைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பில் நகல்களை மூன்று செட் எடுத்து வைத்துவிட்டேன். காலண்டரை மட்டும் அம்மா என்னிடம் தரவில்லை. பாலிதீன் பையில் போட்டுக் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.