'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்' என்றால் என்ன பதில்?

கிறிஸ்தவ நிறுவனங்களில் அலுவலக வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வதில்லை. இடமாற்றம் கேட்டால், 'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்.' சம்பள உயர்வைப் பற்றிப் பேச்செடுத்தால், 'ஆண்டவர் ஏற்ற வேளையில் செய்வார்.' செய்த வேலை சரியில்லை என்றால், 'ஒரு பாரத்தோடு சொல்றேன் பிரதர்' என்று தொடங்கி அரைமணி நேரம் பேசி ஒரு வசனத்தில் முடிப்பார்கள். எது சரியில்லை என்பது மட்டும் அதில் வராது.

அப்படி ஓர் ஊழிய நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். கடிதம் வரைவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வேலைக்கு ஆள் எடுப்பது, சில நேரம் ஆளை அனுப்புவது. எல்லாமே வார்த்தையை வைத்துச் செய்கிற வேலைதான். அங்கிருந்தவர்கள் வேஷக்காரர்கள் இல்லை, உண்மையாகவே ஜெபிக்கிறவர்கள். அதனால்தான் இது எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஒப்பந்தத்தில் இருந்த ஓர் இளைஞரின் காலம் முடிகிற சமயம். புதுப்பிப்பதில்லை என்று குழு எப்போதோ முடிவு செய்துவிட்டது. அவரிடம் சொன்னது, 'காத்திருங்க தம்பி, உங்களுக்காக ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம்.' அதை நம்பி, வெளியே கிடைத்த வேறொரு வேலையை அவர் விட்டுவிட்டார். கடைசியில் கடிதம் வந்தது. அவருடைய உழைப்புக்கு ஒரு பத்தி ஸ்தோத்திரம், எதிர்காலத்தைக் கர்த்தருடைய கரத்தில் ஒப்புக்கொடுத்து ஒரு பத்தி, வாழ்த்துச் சொல்லி ஒரு பத்தி. அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். “அக்கா, அப்போ நான் ஒண்ணாம் தேதி வேலைக்கு வரணுமா, வேண்டாமா?”

“வர வேண்டாம் தம்பி” என்றேன். கோபப்பட்டார், நியாயமான கோபம். அது கொஞ்சம் அடங்கிய பிறகு, பாக்கிச் சம்பளம் எந்தத் தேதியில் வரும், அனுபவச் சான்றிதழ் யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டார். இரண்டுக்கும் அந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒருவர் வருகிறார். உடையும் ஆகாரமும் இல்லாதவர்களைப் பார்த்து, 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாழ்த்தி அனுப்பிவிடுகிறவர். அந்த வசனத்தைத் தான தர்மத்துக்கு மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம். வேலை போகிறவனுக்குத் தேதி தேவை, தொகை தேவை, காரணம் தேவை. அதையெல்லாம் சொல்லாமல் ஆசீர்வாதம் மட்டும் சொல்லி அனுப்பினால் அதுவும் இதே கதைதான்.

'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' என்ற வசனத்தை எல்லா ஆபீஸ் தியான நேரத்திலும் கேட்டிருப்போம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் அது வருகிற இடம் சத்தியம் பண்ணுவதைப் பற்றியது. அந்தக் காலத்தில் சத்தியத்திலேயே தரவரிசை வைத்திருந்தார்கள் என்பது 23ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. தேவாலயத்தின்பேரில் சத்தியம் பண்ணினால் பரவாயில்லை, தேவாலயத்தின் பொன்னின்பேரில் பண்ணினால்தான் கட்டுப்பட வேண்டும். அதாவது, புனிதமான சொல்லைச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடலாம். இயேசு அடைத்தது அந்தப் பின்வாசலைத்தான். முடிவெடுத்த பிறகும் 'ஜெபிக்கிறோம்' என்று சொல்கிறபோது நாம் அதே கதவைத் திறக்கிறோம், அதுவும் தேவனுடைய பேரைச் சொல்லி. நிஜமாகவே ஜெபித்துச் சொல்லப் போகிறவர் பெரும்பாலும் ஒரு நாளும் சேர்த்துச் சொல்வார்: 'வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன்' என்று. என் அனுபவத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும்.

இதற்கு நேர் எதிர் ரகமும் உண்டு. அதற்கு முன் நான் வேலை செய்த இடத்தில் மேலாளர் ஒருவர், 'நான் மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்றவன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எல்லார் முன்னாலும் கத்துவார். கத்தி முடித்ததும் அவர் கோபமாக இருக்கிறார் என்பது தெளிவாக விளங்கும். எதைத் திருத்த வேண்டும் என்பது விளங்காது. ஆக இரண்டு பேரிடமும் ஒரே குறைதான். மத்தேயு 18 குற்றத்தை உணர்த்தச் சொல்கிறது, ஆனால் முதலில் 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' என்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்தை எடுப்பேன். மொத்தமே 25 வசனம். பிலேமோனை உண்மையாகப் பாராட்டுகிறார். கட்டளையிட எனக்கு உரிமை உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்று தான் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறார். பிறகு கோரிக்கை: உம்மைவிட்டுப் பிரிந்த உம் அடிமை ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும். பணப் பிரச்சினையை மழுப்பவே இல்லை. அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், இதை என் சொந்தக் கையால் எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். முடிக்கிற சமயத்தில், எனக்குத் தங்க இடம் ஆயத்தம் பண்ணும் என்று ஒரு வரி! நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். இதைவிடப் பதமான ஃபாலோ-அப்பை எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை ஒரு பெண் கேட்டாள், “அவ்வளவு தெளிவா எழுதுறவர், ஒநேசிமுவை விடுதலை பண்ணுன்னு ஏன் அக்கா நேரா எழுதலை?” நல்ல கேள்வி. 'இனிமேல் அடிமையானவனாக அல்ல, பிரியமான சகோதரனாக' என்கிறார், 'நான் சொல்லுகிறதிலும் அதிகமாய்ச் செய்வீர்' என்கிறார், ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதவில்லை. நல்ல செயல் கட்டாயத்தால் வரக்கூடாது என்று 14ஆம் வசனத்தில் அவரே சொல்வதைக் காட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் முழுசாகப் போதுவதில்லை.

அப்புறம் வதந்தி. எங்கள் கிளை அலுவலகம் ஒன்று தலைமையிடம் சொல்லாமல் தனி வங்கிக் கணக்குத் தொடங்கியது. 'பிரிஞ்சு போகப் பார்க்கிறாங்க' என்று பேச்சு கிளம்பி, பொறுப்பாளரை நீக்குகிற அளவுக்குப் போனது. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், முதலில் ஆள் போய்க் கேட்கட்டும் என்றார். இரண்டு பேர் போனார்கள். ஒரு திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்கள் தனிக் கணக்கு வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரத் தியானத்தில் அந்த மூத்த உறுப்பினர் யோசுவா 22ஐ வாசித்தார். ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் யோர்தான் ஓரத்தில் பெரிய பலிபீடம் கட்டுகிறார்கள். தனிப் பலிபீடம் என்றால் கர்த்தரை விட்டு விலகுகிறார்கள் என்று நினைத்து, இஸ்ரவேலின் மற்றக் கோத்திரத்தார் சீலோவில் யுத்தத்துக்குக் கூடிவிடுகிறார்கள். முதலில் விசாரிக்க ஆசாரியன் பினெகாசும் பத்துப் பிரபுக்களும் போகிறார்கள். போனவர்கள் பவ்வியமாக விசாரிக்கவில்லை, 'இந்தத் துரோகம் என்ன' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பதிலைக் கேட்கிறார்கள். பலியிட அல்ல, எங்களுக்கும் கர்த்தரில் பங்கு உண்டு என்பதற்குச் சாட்சியாக என்று பதில் வர, படை எழும்பாமல் போகிறது. பிரசங்கங்களில் பினெகாசைப் புகழ்வார்கள். கட்டியவர்கள் முன்கூட்டியே ஓர் ஆளை அனுப்பிச் சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கள் கிளைக்காரர்களிடம் நான் அதையும் சொன்னேன். அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு கூட்டங்களில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு தீர்மானம் முடிந்ததும் யார், என்ன, எப்போது என்று குறிப்பை உரக்க வாசிப்பேன். பொறுப்பெடுத்தவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஜெபத்தோட முடிக்கிற கூட்டத்தை போலீஸ் விசாரணை மாதிரி முடிக்கிறீங்களே சிஸ்டர்' என்று ஒருவர் முணுமுணுத்தார். சரி, முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்றேன். நான் விலகி வந்த பிறகும் வழக்கம் தொடர்கிறதாம். முடிவு ஜெபம் மட்டும் முன்பு போலவே நீளம் என்று கேள்வி.