கடைசிப் படிக்கு முந்தைய படி

ஜூன் 3, செவ்வாய்
படி முடிந்துவிட்டதென்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னொன்று இருந்தது. வலது பாதம் உள்பக்கமாக மடங்கியதில் 'டப்'பென்று ஒரு சத்தம். பத்தே நிமிடத்தில் வெளிக்கணுவின் கீழே எலுமிச்சம்பழ அளவு வீக்கம். துண்டில் ஐஸைச் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தேன். அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போனா ரெண்டு இழுப்புல சரியாயிடும்." தொடவே விடவில்லை.

ஜூன் 4, புதன்
எலும்பு மருத்துவர் இரண்டு கணுக்களின் பின்விளிம்பையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு பாதத்தின் வெளியோரம் நடுவில் புடைத்திருக்கும் எலும்பு. "எழுந்து நாலு அடி வைங்க." நொண்டி நொண்டி வைத்தேன். எக்ஸ்ரே வேண்டாமாம். கனடாவில் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த சோதனை இது. அந்த எலும்புகளில் வலியில்லாமல், நாலு அடியும் வைக்க முடிந்தால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அடிபட்டது வெளிக்கணுவுக்கு முன்னாலிருக்கும் ஜவ்வு. கால் உள்ளே மடங்கினால் பெரும்பாலும் முதலில் மாட்டுவது அதுதான்.

அம்மாவுக்குத் திருப்தியில்லை. "படமே எடுக்காம அழுத்திப் பார்க்கவா இவ்வளவு ஃபீஸ்?"

ஜூன் 6, வெள்ளி
வலி கணுவில், நீலம் பாரித்திருப்பதோ விரலடியில்! உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதானாம். கிரேப் பேண்டேஜை விரலடியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். நான் மேலிருந்து இறுக்கிச் சுற்றியதில் விரல்கள் மரத்துப்போயின. அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஜூன் 11, புதன்
பொறுக்கும் அளவுக்கு நடக்கச் சொல்லிவிட்டார். அசைக்காமலே வைத்தால் மூட்டு விறைத்துவிடும். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்று 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிக்கொண்டார். சரி, எனக்கு வந்த வேலை: காலை நீட்டிக் கட்டைவிரலால் காற்றில் உயிரெழுத்து எழுதுவது. 'இ' சுழிக்கும்போது சுள்ளென்கிறது. 'ஔ' வரைக்கும் போய்விட்டேன்.

ஜூன் 26, வியாழன்
ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கல். இடது கால் அரை நிமிடம் அசையாமல் நிற்கிறது. வலது, 11 விநாடி. பாதம் எப்படி இருக்கிறதென்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் ஜவ்வோடு சேர்ந்து மந்தமாகிவிடுகிறது. அதைப் பழக்காமல் விட்டால் அதே கால் மறுபடி மடங்கலாம்.

"கொக்கு மாதிரி நிக்கிறியே" என்றபடி அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். இப்போது வீக்கமில்லை, மறுக்கக் காரணமும் இல்லை. தடவ விட்டேன். இழுக்க மட்டும் விடவில்லை.