மோட்டாருக்கு முன்னால் பிரேம்

மார்ச் 2

சைக்கிளில் மாட்டும் பெட்ரோல் மோட்டார் கிட் வந்து பத்து நாளாகிறது, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. எந்தச் சைக்கிளில் மாட்டுவது என்று முடிவாகாமல் அதைத் தொட மனமில்லை. சும்மா நிற்கும் அலுமினிய மலைச் சைக்கிளே போதும் என்றுதான் நினைத்திருந்தேன், குழாயெல்லாம் தடித்தடியாக இருப்பதால் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. இன்று அளந்து பார்த்தால் டவுன் டியூப், அதாவது ஹேண்டிலுக்குக் கீழிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய், 40 மி.மீ.க்கு மேல். இன்ஜினைக் குழாயோடு பிடித்து இறுக்க கிட்டோடு வரும் கிளாம்ப் 28.6 மி.மீ. குழாய்க்கானது. டவுன் டியூபில் துளை போட்டு போல்ட்டை இறக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விரிசல் பிறப்பதே துளையின் விளிம்பில்தான், அந்தக் குழாய் ஒடிந்தால் முன்சக்கரம் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

மார்ச் 3

நேற்றைய யோசனையின் தொடர்ச்சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் ஒரு மணி நேரத்தில் 2,40,000 சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேம் ஒரு தடவை அதிர்கிறது. இரும்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் அழுத்தம் எத்தனை லட்சம் தடவை வந்தாலும் அதற்குச் சோர்வு வராது. அலுமினியத்துக்கு அந்த வரம்பு கிடையாது, சின்ன அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அலுமினியத்தில் மாட்டி ஓட்டுபவர்களும் உண்டுதான், ஆனால் எனக்கு இரும்புதான் வேண்டும்.

மார்ச் 11

பழைய இரும்பு பிரேம் ஒன்று கிடைத்தது. காந்தம் பட்டென்று ஒட்டியது, அளவும் சரி, எனக்கு ஒரே சந்தோஷம். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்துக்கொண்டே வந்து ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் ஹெட் டியூபுக்குப் பின்னால் டவுன் டியூபின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் லேசாக ஏறி இறங்கியது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் அங்கே பிறை வடிவில் மயிரிழையாக வெடித்திருக்கிறது, அதன் கீழே குழாய் ஒரு மடிப்பு புடைத்திருக்கிறது. எப்போதோ எதன்மீதோ நேராக மோதி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. மிதித்து ஓட்டினால் இன்னும் பல வருஷம் ஓடலாம். ஆனால் 20 கி.மீ. வேகம் 40 ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. மனசே இல்லாமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 12

ஃபுல் சஸ்பென்ஷன் (பின்பக்கமும் ஸ்பிரிங் உள்ள) பிரேம் ஒன்று வந்தது. பிரேமின் நடு முக்கோணத்தில் இன்ஜினுக்கு இடமே இல்லை. வேண்டாம்.

மார்ச் 19

சரி, கிடைத்துவிட்டது! சாதாரண இரும்பு மலைச் சைக்கிள், கனமானது, சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க், முன்னும் பின்னும் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் மாட்ட வசதி. இதைவிட லேசான குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) பிரேமும் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அந்த வகை பிரேம்கள் பலவற்றில் குழாய் நடுவில் மெல்லிசாகவும் நுனிகளில் தடிப்பாகவும் இருக்கும், நம் கிளாம்ப் போய் இறுக்குவது அந்த மெல்லிய நடுப்பகுதியைத்தான். அதனால் கனமானதே நல்லது. சீட்டுக்குக் கீழே இருக்கும் சீட் டியூப் 28.6 மி.மீ., டவுன் டியூப் 31.8 மி.மீ., முன்பக்கத்துக்கு மட்டும் பெரிய கிளாம்ப் பிளேட் வாங்கவேண்டும். இன்ஜின் அளவுக்கு அட்டை வெட்டி முக்கோணத்துக்குள் வைத்துப் பார்த்தேன், கார்புரேட்டருக்கும் இடம் இருக்கிறது.

அப்புறம் நூல் சோதனை. பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்க டிராப்அவுட்டுக்கு இழுத்து, சீட் டியூபிலிருந்து இரண்டு பக்க இடைவெளியையும் அளந்தேன். வித்தியாசம் 1 மி.மீ.தான், பிரேம் நேராக இருக்கிறது. ஃபோர்க்கைக் கழற்றி, ஹெட் டியூபுக்குள் போகும் ஸ்டியரர் குழாய், ஃபோர்க் இரண்டாகப் பிரியும் கிரவுனில் சேரும் இடத்தையும் துடைத்துப் பார்த்தேன். சுத்தம்.

மார்ச் 22

டிராப்அவுட் படுக்கைவாட்டில் இருப்பது பெரிய நிம்மதி. பின்சக்கரத்தை இழுத்தே மோட்டார் செயினை டைட் செய்துவிடலாம், பெடல் செயினின் தொய்வை கியர் மாற்றும் டிரெயிலர் (derailleur) பார்த்துக்கொள்ளும். செயினை இறுக்க கிட்டில் வரும் டென்ஷனர் உருளை நழுவி ஸ்போக்கில் மாட்டினால் ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும், அது வேண்டாம். டயர் மட்டும் அகலம், செயின் உரசும்போல இருக்கிறது, ஒரு சைஸ் குறைக்கவேண்டும்.

ஏப்ரல் 5

இரண்டு வாரம் மோட்டார் இல்லாமல், குண்டும் குழியுமான பாதையாகத் தேடித் தேடி மிதித்தேன். இன்று ஒவ்வொரு வெல்டிங்கையும் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன்.