பாதி சீசனில் பைக்: மார்கழி, தை மாத மலைப்பாதைக் குறிப்புகள்

ஜனவரி 4

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்ச் வெயில் ஏறும்வரை கிடைக்கிற இந்த இடைவெளிதான் தமிழ்நாட்டில் பைக் ஓட்ட ஆன காலம். இப்போது அதன் நடுவில் இருக்கிறோம். அடுத்த சர்வீஸுக்கு இன்னும் கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது என்று புத்தகம் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். சமவெளியில் ஓடிய ஆயிரமும் மலையில் ஓடிய ஆயிரமும் மீட்டரில்தான் ஒன்று. பிரேக் பேடும் கிளட்சும் செயினும் வேறு கணக்கு வைத்திருக்கும்.

முதலில் செயின். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வைப் பாருங்கள். செயின் ஒரே சீராகத் தேயாது. மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் ஏற்றி இறக்கிப் பார்த்தால், பெரும்பாலான தெரு பைக்குகளுக்கு 25 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

தளர்வை விட இறுக்கம் ஆபத்து. குழியில் விழுந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் கூடும். அதற்கு இடம் கொடுக்காத செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத்தான் இழுக்கும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் செயினை இறுக்கியதும் பிரேக் பெடலின் ஆட்டம் மாறிவிடும். அதையும் பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. மாற்றினால் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

கழுவ மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயின் இணைப்புகளில் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கெடுக்கும். துடைத்து உலர்ந்ததும் 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் மண்தான் ஒட்டும்.

ஜனவரி 11

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு. எந்த கியரில் ஏறினோமோ அதிலேயே இறங்குவதுதான் பழைய லாரி டிரைவர்கள் பின்பற்றும் முறை. பைக்குக்கும் அதுவே சரி. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். பின் பிரேக்கை மெலிதாக மிதித்தபடியே இறங்குகிறவர்களின் டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது.

சூடு எண்ணெய் வரை போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் லிவர் திடீரென்று பஞ்சுபோல உள்ளே போகிறது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வழியில் லிவர் தளர்ந்தால் ஓரம்கட்டி, தானாக ஆறும்வரை நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

பிரேக் ஆயில் ரிசர்வாயரில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பவும் வேண்டாம். பேட் தேயத் தேய அளவு தானே இறங்கும். முதலில் பேடைப் பாருங்கள். நிரப்பி வைத்த வண்டிக்குப் புது பேட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே வழிந்து டேங்க் பெயின்ட்டை உரித்துவிடும்.

ஜனவரி 16

சம்பா அறுவடை. டெல்டா சாலைகளில் நெல் காய்கிறது, வைக்கோல் பரப்பிக் கிடக்கிறது. நெல்மணிமேல் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிப்பே இருக்காது. நேராக, ஆக்சிலரேட்டரைக் குறைத்து, மெதுவாகக் கடக்க வேண்டும். வைக்கோலைத் தாண்டியதும் நிறுத்தி, ஸ்பிராக்கெட்டிலும் சைலன்சர் வளைவிலும் சிக்கியதை எடுத்துவிடுங்கள். சூடான குழாயில் ஒட்டிய காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ளும்.

ஜனவரி 18

கிளட்ச் கேபிள் அறுவது பெரும்பாலும் லிவர் முனையில், கேபிள் நுனியின் ஈயக்குண்டு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான். லிவரை இழுத்துப் பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இழை தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றுங்கள், அடுத்த மலை வரை காத்திருக்க வேண்டாம். கொண்டை ஊசியில் ஒவ்வொரு முறையும் பாதி கிளட்ச் பிடிக்கிறோம், முழுச் சுமையும் அந்த இழைகளில்தான் விழுகிறது.

தூரப் பயணத்துக்கு ஒரு உபாயம்: புதுக் கேபிளைப் பழையதை ஒட்டியே ஓட்டி, டேப் சுற்றி, இரண்டு முனைக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். அறுந்தால் டேங்கைக் கழற்றாமலே சாலையோரத்தில் மாற்றிவிடலாம்.

ஜனவரி 25

ஊட்டிக்குப் போய் டயர் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம். கோவையில் 32 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினால், 8 டிகிரி குளிரில் டயருக்குள் அழுத்தம் சுமார் மூன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. கேஜில் மறுபடி ஏறத்தாழ 30-தான் காட்டும். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகத் தெரிவதைப் பார்த்துக் காற்றை இறக்குவதுதான் நிஜமான தப்பு. காலையில், ஓட்டுவதற்கு முன், கீழேயே சரிபாருங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் சுற்றுலா வண்டிகள் இறங்கத் தடை. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நேரக் கணக்கை இவற்றை வைத்தே போடுங்கள்.

ஜனவரி 29

பழநிச் சாலைகளில் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம். இரவில் ஹை பீம் வேண்டாம். ஆள் ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்தால் லோ பீமும் முகத்தில் அடிக்கும், ஹெட்லைட் ஸ்குரூவைத் திருகி ஒளியைத் தாழ்த்துங்கள்.

பிப்ரவரி 1

டயர். நெடுஞ்சாலை ஓட்டத்தில் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தால் வளைவில் சாயும்போது வண்டி ஒரு விளிம்பில் ஏறி விழுவதுபோல இருக்கும். பட்டன் (டயர் பள்ளம்) ஆழம் மிச்சம் இருந்தாலும் மலைக்கு அது ஆகாது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியை ரப்பர் தொட்டுவிட்டால் எந்தச் சாலைக்கும் ஆகாது. புதிதாக வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3825 என்றால் 2025-இன் 38-ஆவது வாரத் தயாரிப்பு. போட்ட முதல் நூறு கிலோமீட்டர் அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள். மேல்பளபளப்பு போன பிறகுதான் பிடிப்பு வரும்.