ஆடிப்பெருக்குக்கு ஒரு தீவு

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வீடியோ காலில் அப்பாவுக்கு மிசிசிப்பியைக் காட்டினேன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து வினோனா ஊரில் ஆறு கரை ததும்ப ஓடிக்கொண்டிருந்தது, படகுத்துறையின் சிமெண்ட் சரிவு பாதிக்குமேல் தண்ணீருக்குள் இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எத்தனை ஆயிரம் கன அடி போகுது?" என்றார். லட்சத்தை நெருங்குதுப்பா என்றேன். "அணை எங்க இருக்கு, திறந்துட்டானா?" என்றார். மேலே கொஞ்ச தூரத்துல ஒண்ணு இருக்கு, மதகெல்லாம் தூக்கியாச்சு என்றேன். "வாய்க்கால் எந்தப் பக்கம் பிரியுது?" என்றார். வாய்க்கால் கிடையாதுப்பா என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "இவ்வளவு தண்ணியும் சும்மாவா போகுது?" என்று கேட்டார்.

குளித்தலைப் பக்கம் பிறந்தவனுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். எங்கள் வீட்டில் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்திக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டம்தான் படிக்கப்படும். 120 அடியில் இன்று எத்தனை, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. அதை வைத்துத்தான் நாற்று விடுவதும் நகையை அடகு வைப்பதும் முடிவாகும். அப்படிப்பட்டவரிடம் போய், இங்கே வாசலிலேயே ஒரு லட்சம் கன அடி போகிறது, இதை யாரும் வயலுக்குப் பாய்ச்சுவதில்லை, மேட்டு நிலத்தில் மழையை நம்பியே மக்காச்சோளமும் சோயாவும் விளைந்துவிடுகிறது என்று சொன்னால் அவர் எப்படித் தாங்குவார்?

இங்குள்ள அணைகளைப் பற்றியும் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மேல் மிசிசிப்பியில் 1930களில் வரிசையாகக் கட்டின இந்த அணைகள் தண்ணீரைத் தேக்கிவைக்க அல்ல, சரக்குப் படகு போக 9 அடி ஆழம் இருக்கவேண்டும் என்பதற்காக. வெள்ளம் வந்தால் மதகை எல்லாம் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார்கள், ஆறு தன் போக்கில் போகும். வெள்ளத்தைத் தடுக்கும் வேலை இவற்றுக்குக் கிடையாது. 1965 ஏப்ரலில் இதே வினோனாவில் விநாடிக்கு 2,68,000 கன அடி போயிருக்கிறது என்றேன். அப்பா அந்த எண்ணை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. நாங்கள் பேசின அன்றைக்கு வினோனாவில் பளிச்சென்று வெயில், வாரக்கணக்கில் மழையே இல்லை. வடக்கே பனி உருகி வரும் தண்ணீர் என்று நான் ஆரம்பிப்பதற்குள், "குடகுல பெஞ்சா நமக்கு வர்ற மாதிரி" என்று முடித்துவிட்டார்.

சரி, நான் அங்கே எதற்குப் போனேன் என்று சொல்கிறேன். பக்கத்து ஊர்களான ராசெஸ்டரிலும் லா கிராஸிலும் நம் குடும்பங்கள் நன்றாகவே பெருகிவிட்டன. ஆடிப் பதினெட்டு வந்தால் யாராவது ஒருவர் வீட்டுத் தரைத்தளத்தில் கூடி, புளியோதரையும் தேங்காய்ச்சாதமும் அலுமினியத் தட்டில் பரிமாறி, ஒரு பித்தளைச் சொம்புக்குப் பூப் போட்டுக் கும்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறோம். ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில் இவ்வளவு பெரிய ஆறு இருக்கும்போது ஏன் சொம்பைக் கும்பிட வேண்டும்? இந்த வருடம் ஒரு தீவில் கூடாரம் அடித்து, ஒரு ராத்திரி தங்கி, ஆற்றங்கரையிலேயே கொண்டாடுவது என்று நானும் என் மனைவியும் முடிவெடுத்தோம். அதற்கு இடம் பார்க்கத்தான் கனூவை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கலான சின்னப் படகை, காரின் மேல் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளத்தில் போய்ப் பார்ப்பதுதான் சரியான நேரம். ஆகஸ்டில் தண்ணீர் வடிந்த பிறகு எல்லாத் தீவும் அழகாகத்தான் இருக்கும், எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. கோடையில் வடக்கே ஒரு பெருமழை பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடாரத்துக்குள் தண்ணீர் வரும். இப்போது முழுகாமல் நிற்கிற மேடு அப்போதும் பெரும்பாலும் நிற்கும்.

அம்மாவுக்கு ஒரே கவலை, "தனியாவா போற? வெள்ளத்துலயா?" என்று. நியாயமான கவலைதான். நாங்கள் வளர்ந்தது அகண்ட காவிரிக் கரையில், ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்தால் முழங்கால் அளவுக்கு மேல் இறங்க விடமாட்டார்கள். மணல் அள்ளின குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வருடத்துக்கு ஒரு பிள்ளையையாவது அந்தக் குழிகள் வாங்கிவிடும். மற்ற மாதங்களில் ஆறு முழுக்க மணல், அதில் கிரிக்கெட். நீந்தத் தெரியாமலே ஒரு ஆற்றங்கரைப் பையன் வளர முடியும் என்பது இங்கே யாருக்கும் விளங்காது. நான் நீச்சல் கற்றது ராசெஸ்டரில், முப்பது வயதுக்கு மேல், ஒரு உள்ளரங்கக் குளத்தில்.

அதனால் ஏற்பாடெல்லாம் பக்காவாகவே செய்துகொண்டேன். தண்ணீர் பனி உருகின தண்ணீர், உள்ளே விழுந்தால் சில நிமிடங்களில் கை சொன்னபடி கேட்காது, அதற்குத் தண்ணீர் உள்ளே புகாத ட்ரை சூட் உடுப்பு. அதன்மேல் லைஃப் ஜாக்கெட். எந்தத் துறையில் இறங்குகிறேன், எத்தனை மணிக்குள் கூப்பிடுவேன் என்று ஒரு தாள் மனைவியிடம், இன்னொன்று கார்க் கண்ணாடியில். கனூவுக்குப் பதிவு எண்ணும் உண்டு. மின்னசோட்டாவில் 10 அடிக்கு மேல் நீளமான கனூவென்றால் காருக்குப் பதிவு செய்கிற அதே அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்யவேண்டும். இதைக் கேட்டதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பரிசலுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸா!" என்று பக்கத்துவீட்டு மாமாவைக் கூப்பிட்டு வேறு சொன்னார்.

இரண்டு பேர் உட்காரும் கனூவில் ஒற்றை ஆளாகப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. படகின் பின்முனை முன்னால் போகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டு, முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், அப்போதுதான் பாரம் நடுவுக்குப் பக்கம் வரும். எதிர்முனையில் ஒரு தண்ணீர் கேன். பிரைரி ஐலண்ட் பக்கம் குரூக்கட் ஸ்லூ என்கிற பக்கக் கால்வாயில் இறக்கினேன். முதலில் எதிர்நீரில் மேலே போய்விட்டு அப்புறம் இறங்கி வருவதுதான் முறை, களைத்துப்போனாலும் ஆறே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அந்தப் பக்கக் கால்வாயிலிருந்து காட்டுக்குள் நுழைந்தேன் பாருங்கள், அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோடையில் நடந்து போகிற காடு, இப்போது மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே படகில் போகிறேன். எல்லாம் சில்வர் மேப்பிள். நீரோட்டம் கொஞ்சமும் இல்லை, அடியில் போன வருடத்துச் சருகு அப்படியே படிந்திருப்பது தெரிகிறது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை பட்டை முழுக்கச் சிலந்திகளும் வண்டுகளும், தரையில் குடியிருந்ததெல்லாம் ஏறி வந்து, ஒன்றையொன்று தின்னாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே, உட்கார்ந்திருந்த என் தலைக்கும் மேலே, பழைய வெள்ளத்தின் சேற்றுக்கோடு. அந்தக் கோட்டில் ஒரு கிளைக்கவட்டில் காய்ந்த மக்காச்சோளத் தட்டை செருகிக்கொண்டிருந்தது, எந்த ஊர்க் காட்டிலிருந்து அடித்து வந்ததோ. எங்கள் ஊர்ப் பாலத்துத் தூணில் இப்படித்தான் வாழைமட்டை செருகி நிற்கும். தாத்தா அதைக் கைகாட்டி, இந்த வருஷம் இதுவரைக்கும் வந்துச்சு என்பார்.

காட்டின் ஓரத்தில், பெரிய ஆறு உரசிப் போகும் இடத்தில் மட்டும் நெருங்கவே கூடாது. சாய்ந்து கிடக்கிற மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், படகும் ஆளும் அங்கேயே சிக்கிக்கொள்வோம். அதனால் நல்ல அகலமான திறப்பாகப் பார்த்துத்தான் வெளியே வந்தேன். அப்போது ஒரு சரக்குத் தொடர் கீழ்நோக்கிப் போனது. 15 பார்ஜ், அதாவது தட்டையான சரக்குத் தோணிகள், மூன்று மூன்றாகக் கட்டி ஐந்து வரிசை, பின்னால் ஒரே ஒரு படகு எல்லாவற்றையும் தள்ளுகிறது. அணையோரத்தில் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர் அறைக்கு லாக் என்று பெயர், இந்தப் பக்கத்து லாக்குகள் 600 அடிதான் நீளம் என்பதால் இதை இரண்டாகப் பிரித்துத்தான் கடத்துவார்கள். நான் காட்டோரத்திலேயே ஒதுங்கி நின்று, அதன் அலை அடங்குகிற வரை காத்திருந்தேன். உள்ளே தானியம் இருக்கும், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போய்க் கப்பலேறும். அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், தண்ணி சும்மா போகலப்பா, விளைஞ்சதச் சுமந்துகிட்டுப் போகுது என்று. "அப்பச் சரி" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, எனக்கும்தான்.

பெரிய ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது படகின் மூக்கை மேல்நீர்ப் பக்கம் சாய்த்துப் பிடித்துத் துடுப்புப் போடவேண்டும். ஆறு நம்மைக் கீழே தள்ளும், நாம் மேலே போடுவோம், இரண்டும் சேர்ந்து படகு பக்கவாட்டில் நகரும். முசிறிப் பாலம் வருவதற்கு முன்னால் தாத்தா பரிசலில்தான் அக்கரை போய்வருவாராம். பரிசல்காரர் கரையோரமாகவே ரொம்ப தூரம் மேலே இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து சாய்வாக விட்டு, சரியாக முசிறித் துறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று கேட்டிருக்கிறேன். தாத்தா இருந்திருந்தால் நான் கடந்ததைப் பார்த்துச் சரி தப்பு சொல்லியிருப்பார்.

இங்கே எனக்குப் பிடித்த விஷயங்களிலேயே பெரியது, இந்தத் தீவுகளில் யாரிடமும் கேட்காமல் இறங்கலாம் என்பது. 1924-ல் அமைத்த தேசிய வனவிலங்குப் புகலிடம் இது, நாலு மாநிலங்களை ஒட்டி 261 மைல் நீளம், தலைமை அலுவலகமே வினோனாவில்தான். நீர்ப்பறவை வேட்டைக் காலத்தில் சில பகுதிகளை மூடுவார்கள், மற்றபடி ஒரே இடத்தில் 14 நாள் வரை கூடாரம் போடலாம், கட்டணம் கிடையாது. விழுந்து கிடக்கும் காய்ந்த கட்டையை மட்டும் எரிக்கலாம். ஜான் லாட்ஷ் என்று வினோனாவில் ஒரு மளிகை மொத்த வியாபாரி இருந்தார், அவரும் கனூக்காரர். ஒருமுறை புயலில் கரையொதுங்கினபோது நிலத்துக்காரர் விரட்டிவிட்டாராம். அதற்கப்புறம் ஆற்றோர நிலத்தை வாங்கி வாங்கி ஊருக்கே கொடுத்தார் என்று இங்கே சொல்வார்கள். அவர் பெயரில் ஒரு மாநிலப் பூங்காவே இருக்கிறது. கோபம் வந்த ஒரு மனிதர் அந்தக் கோபத்தை எவ்வளவு நல்லதாக ஆக்கியிருக்கிறார்! எங்கள் ஊரில் மணல் லாரி வைத்திருக்கிறவர்கள் ஆற்றுக்குள் பாதை போட்டு, நம்மை இறங்காதே என்று விரட்டின நாட்களை நினைத்துக்கொண்டேன், இன்றைக்கும் வயிறெரிகிறது.

முதலில் பார்த்த தீவுகள் எதுவும் தேறவில்லை. ஒன்றில் மரங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. இன்னொன்றில் கொஞ்சம் மேடு இருந்தது, ஆனால் மான்கள் ஒதுங்கியிருந்தன, அவற்றை விரட்ட மனம் வராமல் திரும்பினேன். மணல்திட்டாக நான் கோடையில் பார்த்து வைத்திருந்த இடத்தில் நாலு வில்லோ மரங்களின் நுனிகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. அதன் மேலே கூழைக்கடாக்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன, வேடந்தாங்கலில் பார்த்தவற்றைவிடப் பெரிசு, தூய வெள்ளை, இறக்கை நுனி மட்டும் கறுப்பு.

கடைசியில் கிடைத்தது ஒரு மணல் மேடு. ஆற்றில் சரக்குப் படகு போகும் பாதையை ஆழப்படுத்தும்போது தோண்டின மணலை ராணுவப் பொறியாளர் துறையினர் தீவோரத்தில் கொட்டி வைப்பார்கள், அப்படி ஒன்று. இந்த வெள்ளத்திலும் என் உயரத்துக்கு மேல் நின்றது. மேலே சமதரை, நாலைந்து காட்டன்வுட் மரம், யாரோ அடுக்கிவிட்டுப் போன கல் அடுப்பு. மணலில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னது உடம்பு. நல்ல ஆற்றுமணல், காவிரி மணலைவிட ஒரு நூல் மெலிசு. அமெரிக்கா பழகிவிட்டது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன், மைனஸ் 25-ல் காரைக் கிளப்புவேன், உறைந்த ஏரி மேல் நடப்பேன். ஆனால் ஜூன் 12 வந்தால் இன்னும் விடிகாலையில் எழுந்து மேட்டூரைத் திறந்தார்களா என்று பார்க்கிறேன், 2020-ல் எட்டு வருடத்துக்கப்புறம் அந்தத் தேதியிலேயே திறந்தபோது சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். அந்த மணலில் உட்கார்ந்ததும் பாட்டி ஈர மணலைக் கூட்டிப் பிள்ளையார் பிடித்ததும், காதோலை கருகமணியை எடுத்து வைத்ததும், நானும் சித்தப்பா பிள்ளைகளும் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினதும், காப்பரிசிக்குச் சண்டை போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. எழுந்திருக்க நேரமாயிற்று.

ஆகவே இடம் முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வார இறுதி. கோடையில் சனிக்கிழமை காலையிலேயே மோட்டார் படகுக்காரர்கள் நல்ல மணல்மேடுகளைப் பிடித்துவிடுவார்கள், அதனால் நாலு பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்க் கூடாரம் போட்டாகவேண்டும். ஓரத்துப் புதரில் தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடியும் உண்ணியும் உண்டு, பிள்ளைகள் மணலோடு இருக்கட்டும். 10 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும் என்பது மின்னசோட்டாச் சட்டம், நம் கணக்கில் பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான், எல்லோருக்கும் ஜாக்கெட் சேர்ப்பது என் பொறுப்பு. ஆற்றில் உதிரிப்பூ மட்டும் விடுவோம், துணியோ பிளாஸ்டிக்கோ ஒரு துண்டுகூட வேண்டாம். தேங்காய்ச்சாதம் லா கிராஸ் குடும்பங்கள், புளியோதரை நாங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாக்களைக் கனூவில் ஏற்ற முடியாது, அகலமான மோட்டார் படகு வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். தெரிந்தவர்கள் ஜூலைக்குள் சொல்லுங்கள்.